மச்சான் பிடித்த கயிறு

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் நான் பார்த்த வேலைக்கு அதுதான் பெரிய தகுதி என்று என் மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "நீச்சல் தெரிஞ்சவன் பதறிப் போய் கயித்த வுட்டுட்டு தண்ணில குதிச்சிடுவான். என் மச்சான் குதிக்க மாட்டான். கயித்தயே புடிச்சிக்கினு இருப்பான்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பிறந்தவர். இளவயசில் புளி ஏற்றிய லாரியில் மெட்ராஸ் போனவர், துறைமுகத்தில் மூழ்கிய சாமான்களை மேலே எடுக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்து, கடலுக்கு அடியில் வேலை செய்யக் கற்றுக்கொண்டார். மலையில் பிறந்தவன் கடலடியில் சம்பாதித்தான் என்றால் யார் நம்புவார்கள்? காண்ட்ராக்டர் தொழிலை மூடியபோது கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக மாமாவுக்குக் கிடைத்தது ஒரு முக்குளிக்கும் செட்டு. காற்று அடைத்த இரும்புச் சிலிண்டர், அதன் தலையில் மாட்டும் ரெகுலேட்டர், வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய், முகத்துக்கு ஒரு கண்ணாடி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மலையடிவாரத்து அமிர்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, வெல்டிங் கடை வைக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தேன். எனக்குப் போட்டியாக வந்துவிட்டாரோ என்று நானும் பயந்தேன்.

ஒடுகத்தூர் பக்கம் அப்போது கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு வந்துகொண்டிருந்த காலம். மோட்டார் கழன்று விழும், குழாய் நுனி அடிவால்வு சேற்றில் சிக்கும். நாள்முழுக்கத் தண்ணீரை இறைத்துக் கொட்டி எடுக்கவேண்டியதை மாமா இறங்கி ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் எடுத்துக்கொடுத்துவிடுவார். சிலிண்டரில் காற்று தீர்ந்தால் வாணியம்பாடித் தோல் மண்டி பாயின் லாரியில் மெட்ராசுக்குப் போய் நிரம்பித் திரும்பும். அந்த பாய் கூலி வாங்கியதே இல்லை. அவர் கிணற்று மோட்டாரைத்தான் மாமா முதலில் எடுத்துக் கொடுத்திருந்தார்.

மாமா இறங்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். அது அக்காவின் கட்டளை. எங்கள் மலையில் பாறைத் தேன் எடுக்கிறவன் கொடி ஏணியில் தொங்கும்போது, மேலே கயிற்றைக் காவல் காப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும். அண்ணன் தம்பி என்றால் பாகப்பிரிவினை நினைப்பு வரலாம். மச்சான் தன் அக்காவைத் தாலியறுக்க விடமாட்டான். தேனுக்குள்ள வழக்கம் தண்ணீருக்கும் உண்டு என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு நான் கிணறு கிணறாக அலைந்தேன்.

கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். நானும் ஒரு இழுப்பு இழுத்து, 'நானும் இங்கேதான் இருக்கேன்' என்று சொல்லவேண்டும். விடாமல் இழுத்தால் தூக்கு. அந்த விடாத இழுப்பு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது வரும் என்றே நான் வியர்த்துப்போய் நின்றேன்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கிணறுகளில் படி இறங்கிப்போய் அடிவால்வைக் கையால் தொட்டுவிட்டு வரலாம் என்று ஆனது. முக்குளிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? செட்டு பரண் ஏறியது. அதை விற்று ஒரு ஜோடி மாடு வாங்கி, மலைமேல் கிடந்த நிலத்தில் சாமை விதைக்கலாம் என்று மாமா முடிவு செய்தார்.

வாங்க வந்தவரும் நெல்லிவாசல்நாட்டுக்காரர்தான். தேன் எடுப்பவர், கிணறு தூர்வாரவும் போவார். தெற்கே ஒரு அணையில் மூழ்கிக் கிடக்கும் மரங்களை எடுக்கும் வேலை அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மாமா முங்குவதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தோம். ரெகுலேட்டருக்குள்ளே மெல்லிய ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். மூச்சை இழுத்தால் அது அசைந்து காற்றைத் திறந்துவிடும். அந்த வட்டு காய்ந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

ரப்பர் என்றால் என் ராஜ்ஜியம் அல்லவா? நல்ல டியூப் ஒன்றை எடுத்து, அளவாக வட்டம் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொருத்தினேன். சிலிண்டருக்கு நீலப் பெயின்ட்டும் அடித்தேன். சந்தைக்குப் போகிற மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுவதில்லையா? வாயில் குழாயைக் கவ்வி இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் காற்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமா வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "அதெல்லாம் வேணாம் மச்சான். பழைய ரப்பரயே போட்டு குடுத்துடலாம். வெடிச்சி கீதுன்னு சொல்லிடலாம். வெலய கொறச்சிக்கலாம். அவனே சர்வீஸ் பண்ணிக்கட்டும். நாம பண்ணி குடுத்தா நம்பிடுவான். நம்புறவன் தொறந்து பாக்க மாட்டான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் வேலைல இன்னா கொற கண்டீங்க? காத்து நல்லாதான் வருது" என்று எகிறினேன்.

உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த அக்கா உலக்கையை நிறுத்தினாள். "நல்லா கீதா?" என்றாள் என்னைப் பார்த்து.

"நல்லா கீது."

"அப்ப ஆத்து மடுவுக்கு போவலாம். உங்க மாமா இதயே மாட்டிக்கினு எறங்கட்டும். நீ கயிறு புடி."

மாமா சட்டென்று எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கிளம்பிவிட்டார். என்மேல் அந்த மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சைக்கிள் டியூப்பில் வெட்டிய வட்டு ஒன்று, அதற்குக் கீழே தண்ணீர், தண்ணீருக்குள் என் அக்கா புருஷன். எல்லாம் என் கண்முன் வந்து நின்றுவிட்டது. ஸ்குரூடிரைவரை எடுத்து, நானே ரெகுலேட்டரைத் திறந்து, என் ரப்பரைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். நாற்றம் வீடெல்லாம் அடித்தது.

அக்கா என்னோடு விடவில்லை. மாமாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்றதும் சரியில்ல. அவரே சர்வீஸ் பண்ணிக்கட்டும்ன்னு சொல்றியே, மலைல இருந்து வர்ற மனுசனுக்கு மெட்ராசுல யாரத் தெரியும்? நேரா தண்ணிலதான் போய் எறங்குவாரு. அவருக்கும் வூட்டுல ஒருத்தி இருப்பா."

மாமா தோளில் கிடந்த துண்டை இறக்கினார். பிறகு, "ஆமா, அத நான் நெனைக்கல" என்றார். கடலுக்கு அடியில் போய்வந்த ஆள், உரல் பக்கத்தில் நின்றுகொண்டு பெண்டாட்டியிடம் இப்படி ஒப்புக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. நானாக இருந்தால் நாலு நாள் சோறு தின்னாமல் முறுக்கிக்கொண்டு திரிந்திருப்பேன்.

செட்டு மறுபடியும் பாயின் லாரியில் ஏறி மெட்ராஸ் போனது. துறைமுகத்தில் மாமாவுக்குப் பழக்கமான பட்டறையில் புது ரப்பர் போட்டு, சிலிண்டருக்குள் துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, காற்று நிரப்பி அனுப்பினார்கள். செலவு போக மாடு ஒன்றுதான் வாங்கமுடியும் என்று ஆனது.

வாங்குகிறவர் வந்ததும் மாமா என் கடையில் வேட்டியை விரித்து, புதிதாகச் சர்வீஸ் ஆகி வந்த ரெகுலேட்டரை மறுபடி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லா பண்ணி வந்தத எதுக்கு திரும்ப அவுக்குறீங்க?" என்றேன்.

"நான் பாத்தா என் கண்ணு. தண்ணிக்குள்ள அவரு கண்ணுதான போவப்போவுது" என்றார். அந்த மனிதரையே மாட்டவைத்தார், கழற்றவைத்தார், இருட்டில் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டும் மாட்டவைத்தார்.

காட்டாற்றில் வற்றாமல் இருந்த ஒரே மடுவுக்குப் போனோம். முதலில் மாமா இறங்கினார், நான் கயிறு பிடித்தேன். ஒரு இழுப்பு வந்தது, நானும் இழுத்தேன். அவர் மேலே வந்து செட்டைக் கழற்றி அந்த மனிதரின் முதுகில் மாட்டினார்.

அவர் தயங்கி, "கயிறும் சேத்துதானுங்களே?" என்று கேட்டார்.

"மாடு வித்தா கயித்த குடுப்பமா?" என்று மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது என்னுதும் இல்லீங்க. என் மச்சானுது. உங்களுக்கு யாரு புடிக்கிறது? அத சொல்லாம நான் எறங்க வுடமாட்டேன்" என்றார்.

அவர் பின்னால் திரும்பிக் கைகாட்டினார். தேன் எடுக்கிற கயிற்றுச் சுருளோடு பாறைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்கவேண்டிய அவசியமே இல்லை. வெளிறிப்போன அந்த மூஞ்சியைப் பார்த்ததும் அது மச்சான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். "அப்ப சரி" என்று மாமா சொன்னார்.

அந்த மனிதர் முங்கினார். அக்காவும் வந்திருந்தாள்; கரையில் நின்ற நாங்கள் நான்கு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கயிறு ஒருதரம் அசைந்தது. அந்த மச்சான் பதிலுக்கு இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செட்டு போய்விட்டது. திரும்பி வருகையில் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், மாமாவும் அக்காவும் பின்னால் வந்தார்கள். முனை பின்னால் மண்ணில் இழுபட்டுக்கொண்டு வந்தது. இனிமேல் இதற்கு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து யாரோ கயிற்றை ஒருதரம் இழுத்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று, பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நடந்தேன்.