ஆனந்தராஜா மறுத்த கார்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் வாகனப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஆனந்தராஜா பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறார். அடிப்பாகம் பார்க்க லிஃப்டில் தூக்கிய எந்தக் காரையும் அவர் சும்மா விட்டதில்லை. வெளிநாட்டான் ஏனோதானோவென்று பார்த்துவிட்டான் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியம்தான் போன மார்ச்சில் அவரைக் கவிழ்த்தது.

அன்று கத்தரீனா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கொண்டுவந்த காரைப் பார்க்க வேலையாட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நீண்ட மூக்கு, பிதுங்கிய கண்கள் போல விளக்குகள், இரு பக்கமும் ஏறி இறங்கப் படிப்பலகை. பார்த்தால் தொண்ணூறு வருடப் பழசு, பத்திரத்திலோ 1986. இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறையில் கையால் கட்டியது. தன் பார்வை மங்கிய பிறகு கத்தரீனாவின் அண்ணன் ஜூலியன் அவருக்குக் கொடுத்தது.

"முப்பது வருடம் அவன் கையில் இருந்தது. எதையும் மாற்றவில்லையாம்" என்றார் கத்தரீனா பெருமையாக.

ஆனந்தராஜா கதவின் அடியில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். இரும்பின் சத்தம் வரவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், தகட்டுக்கு உள்ளே மரம்.

துருப்பிடித்ததை வெட்டிவிட்டு யாரோ மரத்தை அடைத்து மறைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். சின்னச் சந்தேகம் வரத்தான் செய்தது. பழைய கார்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் கோப்பன்ஹேகனில் இருந்தார். ஒரு போன் எடுத்தால் போதும். ஆனால் வெளியே ஐந்து கார்கள் காத்து நின்றன. அதைவிட, தனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இரும்பை எடுத்துவிட்டு மரத்தை வைத்து மறைத்திருக்கிறார்கள். அனுமதி தர முடியாது" என்றார்.

"அப்படியென்றால் ஜூலியன் என்னிடம் பொய் சொன்னானா?"

"அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்."

நவம்பரில் ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் ஒரு படம் காட்டினார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் தச்சர்கள் மரக்கூடு கட்டுகிறார்கள். அதன் மேல் தகடு ஏறுகிறது. அந்த இங்கிலாந்துக் கார்களைத் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் செய்வார்களாம். மார்ச்சில் தான் மறுத்த கார் ஆனந்தராஜாவுக்கு நினைவு வந்தது.

"இப்ப போய்ச் சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனிசி திரும்பி வந்து கேட்டவவே?" என்றாள் அன்றிரவு மனைவி சுஜீதா.

"கேக்கேல்லை. நான் சொன்னதை அப்பிடியே நம்பிப் போயிட்டா. அதுதான் நெஞ்சுக்குள்ள குத்துது."

"வேலை போனா?"

"போகட்டும். ஒரு மனிசனைப் பொய்யனாக்கிப்போட்டன், சுஜீதா."

மேலாளரிடம் சொன்னார், எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. சனிக்கிழமை கத்தரீனாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அனுமதி கிடைக்காத காரை அவர் ஏப்ரலிலேயே உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அண்ணனோடு போனில் ஒரே ஒரு சண்டை. அதன் பிறகு பேச்சே இல்லை.

கத்தரீனா கத்தவில்லை. போனை மேசையில் வைத்து, அண்ணனின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். "நீங்களே சொல்லுங்கள்."

ஆனந்தராஜா சொன்னார். இத்தனை வருடம் சரளமாகப் பேசிய டேனிஷ் அன்று தட்டுத் தடுமாறியது.

"கார் எங்கே?" என்றார் மறுமுனையில் ஜூலியன்.

"பிரித்துவிட்டார்கள்" என்றார் கத்தரீனா. "நான் உன்னை நம்பவில்லை, ஜூலியன்."

"அந்த மனிதருக்குக் காரைத் தெரியாது. உனக்கு என்னைத் தெரியுமே" என்றது கிழட்டுக் குரல்.

கத்தரீனா போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அழுகைச் சத்தம் கேட்டது. தான் வாங்கிக்கொள்ள வந்த பழியும் அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று ஆனந்தராஜா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்த கத்தரீனா, "ஞாயிறு வரச் சொல்கிறான்" என்று மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

திங்களன்று ஆனந்தராஜா அந்த உதிரிப்பாகக் கடைக்குப் போனார். மிஞ்சியிருந்தது ஸ்டீயரிங் சக்கரம் மட்டும். வாங்கித் துடைத்து, ஒரு கடிதமும் வைத்து ஜூலியனுக்கு அனுப்பினார்.

பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று சுஜீதாவிடம் சொல்லிக்கொள்கிறார். ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் தபாலைத்தான் புரட்டிப் பார்க்கிறார்.