அத்திமரத்துக்குப் போர்த்திய கம்பளி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் இன்னொரு யாழ்ப்பாணத்தவரும் இருந்தோம். என்னிலும் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் அகதி விண்ணப்பத்துக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரவேண்டிய கடிதத்துக்காகக் காத்திருந்தோம். வீட்டுக்காரர் மலேசியத் தமிழர். படிக்க வந்து, உத்தியோகம் கிடைத்துத் தங்கிவிட்டவர். தனியாள். பின்வளவில் வெயில் விழும் சுவரோடு ஓர் அத்திமரம் வளர்த்தார்.

குளிர் தொடங்கியதும் மேலே வந்து, நாங்கள் போர்த்துக்கொண்டிருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்தார்.

"அத்திக்குப் பனி ஆகாது தம்பி. நுனி கருகிப்போச்சுன்னா காய்க்காது."

"எங்களுக்கும் குளிருதெல்லே அங்கிள்?"

"நீங்க இன்னொரு சட்டை போட்டுக்கலாம். மரம் என்னா செய்யும்?"

கொப்புகளை வளைத்துக் கட்டி, வைக்கோல் அடைத்து, கம்பளிகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டார். வீட்டு ஹீட்டரைக் காலையில் ஒரு மணிநேரம், மாலையில் ஒரு மணிநேரம்தான் போடுவார்.

தை மாதம் அண்ணைக்கு இருமல் பிடித்தது. இரண்டு ஜாக்கெட்டோடு படுத்தும் பல் கிடுகிடுத்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் கம்பளியை எடுக்க நான் கீழே போய் மரத்தின் கட்டை அவிழ்த்தேன். எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. எலி கம்பளியைக் குதறிக் கூடு கட்டியிருந்தது; உள்ளே மயிர் முளைக்காத குஞ்சுகள் நெளிந்தன. பழுக்காமல் போன காய்கள் கறுத்து அழுகி, ஓடில்லா நத்தைகளோடு கூழாக ஒட்டியிருந்தன. அது என் விரல்களில் இழுபட்டது. சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தேன்.

அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார். "உந்தக் கம்பளியை உள்ளுக்குக் கொண்டு வராதை! செத்தாலும் போர்க்க மாட்டன்."

திரும்பக் கட்டாமல் விட்டுவிட்டு வந்து, சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன்.

அந்த வாரம் கடும் உறைபனி. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வரும் வீட்டுக்காரர், சனிக்கிழமைதான் மரத்தைக் கண்டார்.

"காத்து பிச்சிக்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

பங்குனியில் நகத்தால் ஒவ்வொரு கொப்பாகச் சுரண்டிப் பார்த்தார். எதிலும் பச்சை இல்லை. அவர் கண் கலங்கியது. நல்லா வேணும் என்று நினைத்தேன். அடுத்த கணம் விறைத்துச் செத்திருக்கக்கூடிய அந்தக் குஞ்சுகள் நினைவுக்கு வர, என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அண்ணையின் இருமல் சித்திரையில்தான் விட்டது. மரமும் அடியிலிருந்து துளிர்த்தது. மறுவருடம் ஒரேயொரு காய் பழுத்தது. வீட்டுக்காரர் அதை இரண்டாக வெட்டித் தட்டில் கொண்டுவந்தார், தனக்கென்று எடுக்கவில்லை.

"சாப்பிடுங்க, நம்ம மரம்."

"நல்ல இனிப்பாக் கிடக்கு" என்றார் அண்ணை, உண்மையாகவே.

என் பாதியின் பிசுபிசுப்பு நாக்கில் பட்டதும் அன்று விரல்களில் இழுபட்ட கூழ்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் படியிறங்கும்வரை அதைக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு, சிங்கில் துப்பினேன்.