வெற்றுச் சீட்டு செல்லாது

நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன். அதன் பேர் மட்டும் எனக்குத் தெரியாது. மட்டாஞ்சேரி வாசகசாலையில் அட்டையும் முதல் பக்கங்களும் போய்க் கிடந்த மலையாள மொழிபெயர்ப்பு அது. அந்தக் கதையின் ஊரில் வாரந்தோறும் எல்லோரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்காரைக் குறை சொன்ன யாராவது ஒருவர் பேர் அதில் இருக்க வேண்டும். வெற்றுச் சீட்டு செல்லாது. ஒரு தபால்காரனுக்கு எழுத ஆள் கிடைக்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் என்று முணுமுணுத்த மனைவியின் பேரை எழுதுவதா என்று தவிக்கிறான்.

இந்தக் காலத்துக்கு அது பொருந்துமா என்றும் கேட்பார்கள். இப்போது சீட்டை யாரும் கேட்பதுகூட இல்லை, நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எனக்கு இந்தப் புத்தி நாவலைப் படித்து வந்ததல்ல.

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் ஒரு சுக்குக் கிடங்கில் குமாஸ்தா. புத்தக ஓரங்களில் பென்சிலால் சண்டை போட்டதற்காக வாசகசாலையில் என் உறுப்பினர் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். அதனால் கிடங்கில் மூட்டை தைப்பவரின் அட்டையில்தான் அந்த நாவலை எடுத்தேன். அவர் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர், தமிழ் வாரப் பத்திரிகைக்காக அட்டை வைத்திருந்தார். அவருக்கு மலையாள எழுத்து தெரியாது. இங்கேயே பிறந்த எனக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். இருவருக்கும் சேர்த்து ஒரு ஆள் படிப்பு இருந்தது.

மதியச் சோற்றுக்குப் பிறகு நான் கதையைத் தமிழில் சொல்வேன். கோணி ஊசியை இழுத்துக்கொண்டே அவர் கேட்பார்.

“அவ பாவம், சாமி. அவ பேரை எழுதிறக் கூடாது.”

“சேட்டனுக்குச் சொந்தப் பொண்டாட்டிமேல இத்தனை சிநேகம் உண்டோ?” என்று சுக்கு பொறுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

நான் சொல்லி முடிக்க இரண்டு அத்தியாயம் இருந்தபோது, வாசகசாலைப் பதிவேட்டோடு போலீஸ் வந்தது. அந்தப் புத்தகத்துக்கு நேரே அவர் பேர்.

“எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்கய்யா” என்றார். உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டதும், கதைதானே, சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, கேட்டதுவரை முழுக்கச் சொன்னார். அரிசிக் கல்லைக்கூட விடவில்லை. நான் கையை ஆட்டும் விதம்கூட அப்படியே வந்தது. அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

படிக்கத் தெரியாதவன் கதை முழுக்கச் சொல்கிறானே என்று அதிகாரி சிரித்தார். “வாயிக்கான் அறியாத்தவன் கதை முழுவனும் பறயுந்நு! ஆரு பறஞ்ஞு தந்நது?”

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதும் மூட்டை தைப்பவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஏற்கெனவே எடை போட்டுவிட்ட மூட்டையை மறுபடி தராசில் ஏற்றினேன். பெண்களும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“யாரும் சொல்லலைங்க. நானாத்தான் படிச்சேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பயமாக இருந்தது, சொல்லவில்லை. அவ்வளவுதான், இதற்கு வேறு நியாயம் கிடையாது.

போலீஸ் கொண்டுபோன அவர் பல நாள் கழித்துத் திரும்பி வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. ஊசியை எடுத்தார், நழுவியது. மறுபடி எடுத்தார், நழுவியது. முதலாளி வேறு ஆளைத் தைக்க வைத்துவிட்டார். ஊருக்குப் புறப்படுகிற அன்று என் மேசைக்கு வந்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாமி, கடைசில அந்தத் தபால்காரன் பொண்டாட்டி பேரை எழுதுனானா?”

எழுதினான். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டாவது சீட்டு கேட்டு வாங்கி எழுதினான்.

“இல்லைப்பா, எழுதலை” என்றேன்.

“அதானே” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “கூட இருக்கறவளை எவனாச்சும் காட்டிக் குடுப்பானா?”