உப்பளத்துக்கு ஒரு பிளேயர்

தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். பாதமெல்லாம் வெடிப்பு.

பாட்டுக் கேட்க எம்பி3 பிளேயர் வாங்க வந்திருந்தார். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார்.

“தொடுத போனு நமக்கு ஆவாது அண்ணாச்சி. கையெல்லாம் உப்பு. அமுக்குத பட்டன்தான் வேணும்.”

ஒவ்வொன்றையும் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே குனிந்து, உப்பு வாருவதுபோல் கைகளை இழுத்துப் பார்த்தார். இரண்டு கழன்று விழுந்தன. கடைக்காரர் பதறிப்போய்ப் பொறுக்கினார். மூன்றாவது நின்றது. கண்ணை மூடி, விரலால் தடவியே பட்டன்களை அமுக்கிப் பார்த்த பிறகுதான் “இதக் குடுங்க” என்றார்.

“என்ன பாட்டு ஏத்தணும்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஒங்களுக்குப் பிடிச்சத ஏத்துங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒங்களுக்குப் பிடிச்சது வேண்டாமாக்கா?” என்றேன்.

“அதெல்லாம் நானே பாடிக்கிடுவேன் தம்பி. தெரியாத பாட்டு வந்தாத்தான் அடுத்து என்னன்னு வேலை ஓடும்” என்று சிரித்தார்.

கருவியை அவ்வளவு சோதித்தவர், பாட்டை எப்படி முன்பின் தெரியாதவரிடம் விட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் கடைக்காரர் அன்று எதையும் மொத்தமாக ஏற்றவில்லை. ஒவ்வொரு பாட்டாக யோசித்து யோசித்துச் சேர்த்தார். வரிசையில் நின்ற எங்களில் யாருக்கும் அவரை அவசரப்படுத்தத் தோன்றவில்லை.