எல்லைக்கல்லின் பாலம்

தெருவிளக்கைப் பார்த்ததும், "கம்பம் நகராட்சியோடது, கம்பி மின்சார வாரியத்தோடது" என்கிறார் அந்த அரசு எழுத்தர். அடுத்த மரத்துக்கு வந்தால், "மரம் தோட்டத்துறை. கிளை போய் கம்பியில பட்டா அது வேற கதை." கடைக்குப் போகும்போது இவரோடு சேர்ந்து நடப்பதையே மனைவி விட்டுவிட்டாள். "ஏங்க, தெருவைத் தெருவாப் பாக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டு அலுத்துவிட்டாள். வீட்டிலும் அதே கதைதான். குழாய் அவள் பொறுப்பு. அது ஒழுகிச் சுவர் ஊறினால் இவர் பொறுப்பு. எது எப்போது கைமாறுகிறது என்பது இவருக்கே வெளிச்சம்.

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் எல்லைக்கல். எந்த வேலை எந்தத் துறைக்கு என்று பிரித்து எழுதும் பிரிவில் தலைமை எழுத்தர். இரண்டு துறைகள் ஒரே வேலைக்கு அடித்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து கைகழுவினாலும், கோப்பு இவர் மேசைக்குத்தான் வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நாய் கடிச்சா சுகாதாரம். நாயைப் பிடிக்கணும்னா நகராட்சி. நாய்க்கே உடம்பு சரியில்லன்னா கால்நடை" என்பார். மற்ற எழுத்தர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கும்.

சாலையையும் நீரையும் சேர்த்துப் பார்த்துவந்த துறையை இரண்டாகப் பிரித்தபோது, யாருக்கு எது என்று எழுதியவரும் இவரே. சாலைகளும் வண்டி போகும் பாலங்களும் ஒரு பக்கம், கால்வாய்களும் மதகுகளும் மறு பக்கம். ஆட்கள் நடந்து மட்டும் போகிற பாலங்கள் எந்தப் பக்கமும் சேராமல் விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை. அப்படி ஒன்று இவர் தெருமுனைக் கால்வாய் மேலேயே கிடக்கிறது. அதில்தான் தினமும் அலுவலகம் போய்வருகிறார்.

அதன் கைப்பிடிக் கம்பி துருவேறி விழுந்தது. "வண்டி போகுதா? அப்ப எங்களுது இல்ல" என்றார்கள் சாலைக்காரர்கள். "தண்ணிதான் எங்களுது" என்றார்கள் கால்வாய்க்காரர்கள். மழைநாள் ஒன்றில் பக்கத்து வீட்டுத் தையல்காரி அங்கே வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். இனி மிஷினை எந்தக் காலால் மிதிப்பது?

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? பாலம் யாருதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் அவங்க வாசல்லயே உக்காந்துக்கறேன்."

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார். விசாரிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் அந்தப் பழைய பிரிப்புக்கு ஒரு திருத்தம் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனார். "ரெண்டு துறையும் நம்மளக் கேக்கலையே. நாமளே எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கணும்? யாரு விட்டதுன்னு கேப்பாங்க" என்றார் அதிகாரி. விட்டது நான்தான் சார் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. ஓய்வுபெறப் போகிற நேரத்தில் பெயர் கெட்டுவிடுமே என்று அதை விழுங்கிவிட்டு, தாளை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

தையல்காரியோ, "அண்ணன் நமக்காக அலையறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது காதில் விழும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது இவருக்கு. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இன்றுவரை அந்தத் தாளை மறுபடி நீட்டவில்லை.

இன்று மாலையும் தூறல். இவர் பாலத்தில் பாதி தூரம் வந்தபோது, வீட்டுப் பக்கக் கரையில் அவள் ஊன்றுகோலோடு நிற்கிறாள்.

"பாத்து வாங்கண்ணே, வழுக்கும்" என்று கோலில் சாய்ந்துகொண்டு ஒரு கையை நீட்டுகிறாள்.

அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.