வேலியை நான் தொடவில்லை

"ஏம் புள்ள, இப்பிடி ஓடி ஓடி என்னத்தப் பண்ணப் போறே? பஸ்ஸுதான் ஓடுதே, அது பத்தாதா?"

கேட்டவர் மேலூர்ச் சடையன் மாமா. இன்று காலை மைதானத்துச் சுண்ணாம்புத்தூள் மூட்டையைப் பிரித்தேன். தும்மல் வந்தது, கூடவே அவர் குரலும் வந்தது. மற்றவர்களுக்கு அது பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வாசம். எனக்குச் சடையன் மாமா வாசம். (தெரிந்தால் கோபிப்பார். தினமும் குளிக்கிற மனிதர்.)

மலைமேல் திண்ணனூர் நாட்டில் மேலூருக்குக் கீழே எங்களுடையது கீழூர். ஒருநாள் கீழூர் ஆடு ஒன்று மாமாவின் மிளகுக் கொடியை மேய்ந்துவிட்டது. அது எங்கள் வீட்டு ஆடு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களோடு இருக்கட்டும். அவர் இரண்டு ஊருக்கும் நடுவே போகிற தடத்தின் குறுக்கே முள்வேலி போட்டார். இரண்டு ஊரும் பேச்சை நிறுத்தின. பள்ளிக்கூட பஸ் நிற்பதோ வேலிக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், விடுவேனா? தாண்டினேன். அவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

பின்னாளில் மாநில அளவில் பத்தாயிரம் மீட்டரில் தங்கம் வாங்கியபோது, முதல் கோச் யார் என்று ஒரு நிருபர் கேட்டார். நாயின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பதக்கத்தோடு ஊருக்கு வந்தால் வேலி அப்படியே நிற்கிறது. தாண்டத் தெரியாத இரண்டு கீழூர்ப் பிள்ளைகள் படிப்பையே நிறுத்தியிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொடர் ஓட்டம் வைத்தேன். ஒவ்வொரு அணியிலும் மேலூர் இரண்டு பேர், கீழூர் இரண்டு பேர். பரிசு ஆளுக்கொரு குக்கர் என்றதும் அம்மாக்கள் பகையைக் கொஞ்சம் ஒத்திவைத்தார்கள். கைமாற்றும் கோலுக்கு ஒரு முழம் மரவள்ளிக் குச்சி.

"வேலிக்கு ஒண்ணும் வராதில்ல?" என்றார் மாமா.

"நாங்க யாரும் தொடமாட்டமுங்க மாமா."

சுண்ணாம்புத்தூளில் வெள்ளைக் கோடு ஒன்றை வேலிவரை போட்டேன். அந்தப் பக்கம் மறுபடி தொடங்கினேன்.

முதலில் வந்தவள் கீழூர்ச் செல்வி. வேலிக்கு அப்பால் கையை நீட்டிக்கொண்டு நின்றவள் மாமாவின் மகள் பொன்னி.

"குச்சியக் குடுடி!"

"முள்ளுக்குள்ள எப்பிடிக் குடுக்கறது? எறியட்டுமா?"

"எறிஞ்சா தோத்தமாதிரின்னு அக்கா சொன்னாங்கல்ல!"

பின்னால் வந்த அணியும் மேட்டில் ஏறிவிட்டது. மாமா மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினார்.

"வேடிக்கை பாத்துட்டு நிக்கறே! நவுரு புள்ள!"

நான்கே வெட்டு. முள்ளை அவரே இழுத்துப் போட்டார். பொன்னிதான் ஜெயித்தாள்.

"இந்த மழக்காலம் விட்டதும் அடைச்சிருவேன், சொல்லிப்புட்டேன்" என்றார், குக்கரைத் தூக்கிக்கொண்டு.

மலைக்காரர்களால் மரவள்ளிக் குச்சியை வீசியெறிய முடியாது. போகிறபோக்கில் பொன்னி அதை வேலி இருந்த இடத்தில் ஊன்றிவிட்டுப் போனாள். மழை விட்டது. முள்ளுக்கட்டோடு மாமா வந்தார். குச்சி துளிர்த்திருந்தது. முள்ளுக்கட்டை இறக்கினார். பிறகு அந்த ஒற்றைச் செடியைச் சுற்றி மட்டும் முள்ளை வைத்தார்.

"இல்லாட்டி ஆடு மேஞ்சிரும்" என்று என்னையே பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

இப்போது வேலி இல்லை, நாயும் இல்லை. படிப்பை நிறுத்திய இருவரும் கொய்யா கடித்துக்கொண்டு ஆடி அசைந்து பஸ்ஸுக்குப் போகிறார்கள். இனிக் கீழூரிலிருந்து ஓட்டக்காரி வருவது சந்தேகம்தான். அந்தப் பாவம் என்னைச் சேரும்.

நேற்று மாமாவே அந்தச் செடியில் முற்றிய குச்சியாகப் பார்த்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். மலையடிவாரத்தில் காரவள்ளிக்குக் கீழே ஓர் ஊரில் இரண்டு தெருவுக்கு நடுவே கம்பிவேலி என்று சொல்லியிருந்தேன். "கம்பிக்குக் கொடுவாள் ஆவாது சாமி" என்று கம்பி வெட்டுகிற குறடு ஒன்றையும் பையில் போட்டார்.

இன்று முதல் பஸ்ஸில் மலை இறங்கி வந்தேன். கம்பிவரை கோடு போட்டாயிற்று. மாமா கொடுத்த குறட்டை, கோட்டின் ஓரமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன்.

நான் தொடமாட்டேன்.