பேர் சொல்லாத மனிதர்

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குச் சமையலும் துப்புரவுமாக ஆறு வருடம் வேலை செய்தேன். எண்பது கடந்தவர், அமெரிக்காவில் பிறந்தவர், தனியாக இருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவருடைய இங்கிலீஷ் எனக்கு விளங்கும். என்னுடையது அவருக்கு விளங்கும். விளங்கியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அந்த அம்மா வீட்டை விற்று முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தப்படுத்திய வாரம், பேஸ்மென்டில் ஒரு பெட்டிக்குள் அவருடைய கணவரின் படம் கிடந்தது. செத்த மனிதரின் படம் பெட்டிக்குள் கிடப்பதா? மனம் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து, முன்னறைச் சுவரில் மாட்டினேன். முருகன் கோயிலில் வாங்கிய சந்தனம் கைப்பையில் இருந்தது. ஒரு பொட்டும் வைத்தேன்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஆரைக் கேட்டு உந்தப் படத்தை மாட்டினனீர்? கழட்டிக் குப்பைக்குள்ள போடும்."

"செத்த மனிசன், மேடம். குப்பைக்குள்ள போட என்ர கை வராது."

"அந்தாளாலதான் நான் எல்லாத்தையும் துலைச்சனான்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பிறகுதான் கதை வந்தது.

கணவர் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போய் வந்தவர். வந்தவரை அரசாங்கமே படிக்க வைத்ததாம். வாத்தியார் ஆனார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி புது வீடுகள் நின்ற தெருவில் அவர்களுக்கும் ஒன்று. ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி, நீட்டுக் கார், தெருவிலேயே முதல் டெலிவிஷன். பின்னேரம் அயலவர்கள் அதைப் பார்க்க வந்து நிறைந்துவிடுவார்களாம். பிறகு அமெரிக்கா ரஷ்யாவுக்குப் பயந்த காலம் வந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணையில் இவரையும் கூப்பிட்டார்கள். இளமையில் உன்னோடு கூட்டங்களுக்கு வந்தவர்கள் யார்? பேரைச் சொன்னால் வேலை இருக்கும். அவர் சொல்லவில்லை. வேலை போனது. டெலிவிஷன் பார்க்க வந்த சனம் முகத்தைத் திருப்பியது. எல்லை தாண்டி மொன்றியலுக்கு வந்தார்கள். சாகும்வரை ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார்.

"நாலு பேற்ற பேர். சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அதைக் கேட்டுக் கேட்டே அந்தாளைச் சாகடிச்சனான். நீர் சொல்லும், அந்தாள் மூளை கழண்ட விசரனோ இல்லையோ?"

நான் படத்துக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யுத்தகாலத்தில் எங்கள் ஊரில் ஆமிக்காரர் சனத்தை வளைத்துப் பள்ளிக்கூட வளவில் இருத்துவதை அவருக்குச் சொன்னேன். காட்டிக்கொடுக்கவென்று முகத்தை மூடிய ஒருவன் நிற்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்போம். ஒருநாள் என் மனிதரைப் பார்த்து ஆட்டினான். ஆயுதம் தூக்கிய பொடியளுக்குச் சோறு கொடுத்த வீடுகளைக் காட்டு, புருஷனை இப்போதே விடுகிறேன் என்றான் அதிகாரி. எல்லா வீடும் எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். மனிதர் திரும்பி வர எட்டு மாதம் சென்றது. இடது கை பிறகு நிமிரவே இல்லை.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்து உம்மை ஏசேல்லையோ?"

"இல்லை. 'நீ காட்டியிருந்தா நான் எந்த முகத்தோட இந்த ஒழுங்கை வழிய நடக்கிறது' எண்டார். பேந்து சோறு போடச் சொன்னார்."

அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர ஆள் ஒருநாளும் போடச் சொல்லிக் கேட்டதில்லை," என்றார். "தானே போட்டுச் சாப்பிடுவார்."

"உங்கட ஆள் விசரன் இல்லை, மேடம். அந்த நாலு வீட்டிலையும் அடுப்பு எரிஞ்சது அவராலதான்."

அதற்குப் பிறகு அம்மா படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

இல்லத்துக்குப் போன அன்று அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தார். புது அறையில் நான் மாட்டும்போது, "இடப்பக்கம் கொஞ்சம் தூக்கும்," என்றார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதையும் கவனித்தார்.

"அந்தப் பொட்டு எங்க?"

புதிதாக வைத்தேன். அப்போது வந்த தாதி, இது யார் என்று கேட்டாள்.

"என் கணவர்," என்றார் அம்மா, நிமிர்ந்திருந்து. "பள்ளிக்கூட வாத்தியார்."